டிராக்டர் தடமும் மண் இறுக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உழவு, விதைப்பு, மருந்தடிப்பு, அறுவடை, கடைசியில் விளைந்ததை ஏற்றிப் போகும் டிரெய்லர். ஒரு பருவத்தில் ஒரு வயலுக்குள் எத்தனை முறை சக்கரம் இறங்குகிறது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பாரத்தைச் சுமந்து வருகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. விதைக்கும் உரத்துக்கும் செலவழித்ததைப் பைசா பைசாவாகச் சொல்பவர்கள்கூட, சக்கரம் எடுத்துக்கொண்ட விளைச்சலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மண் இறுகுகிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

நல்ல மேல்மண்ணை ஒரு கைப்பிடி அள்ளினால், அதில் பாதிதான் மண். மீதிப் பாதி வெற்றிடம்: கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், பழைய வேர் அழுகிப்போன வழிகள், மண்புழு போட்ட குழாய்கள். அந்த வெற்றிடத்தில் ஏறக்குறைய பாதி நீரும் பாதி காற்றுமாக இருந்தால் பயிருக்கு வாகு.

மேலே பாரம் ஏறும்போது மண் துகள்கள் நெருங்கி, இடைவெளியை அடைத்துக்கொண்டு உட்கார்கின்றன. முதலில் மூடுவது பெரிய துளைகள். மழைநீரைக் கீழே இறக்குவது, காற்றை உள்ளே விடுவது, வேருக்கு வழி கொடுப்பது எல்லாம் அவற்றின் வேலை. அதனால் மொத்த வெற்றிடத்தில் சிறு பங்கு போனாலே சேதம் பெரிதாகத் தெரியும்.

அளவாகச் சொன்னால், துளையே இல்லாத கனிமத் துகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். பாதி வெற்றிடமாக இருக்கும் மண், உலர்ந்த நிலையில் 1.3 கிராம் அளவில் நிற்கும். களிமண்ணில் இது 1.5ஐ நெருங்கினால் வேர் திணறத் தொடங்கும். மணல் மண்ணில் அந்த எல்லை 1.8 வரை போகும்.

அதனால் பயிருக்கு என்ன? வேர் கொஞ்சம் சுற்றிப் போகாதா?

சுற்றித்தான் போகப் பார்க்கும். சுற்றிப் போக வழி இல்லாத அளவுக்கு இறுகிவிட்டால்தான் சிக்கல். மண்ணுக்குள் கூர்முனைக் கம்பியைச் செருகி எதிர்ப்பை அளக்கும் கருவி 2 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 300 பிஎஸ்ஐ காட்டினால், பெரும்பாலான பயிர்களின் வேர் அங்கே ஏறக்குறைய நின்றுவிடும். ஏற்கெனவே விரிசலோ புழு வழியோ இருந்தால் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

வேர் ஏன் நிற்கிறது என்பதில் 2021இல் ஒரு புதிய விஷயம் தெரியவந்தது. இறுகிய மண்ணை முட்டித் துளைக்க முடியாமல்தான் வேர் தோற்கிறது என்று அதுவரை நினைத்திருந்தோம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களும் நெல் வேர்களை வைத்துப் பார்த்தபோது வேறொன்று வெளிப்பட்டது. வேர் எப்போதும் எத்திலீன் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பொலபொலப்பான மண்ணில் அது பரவிக் கலைந்துவிடும். இறுகிய மண்ணில் போக வழியின்றி வேரைச் சுற்றியே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தை உணர்ந்துதான் வேர் தன் நீள வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு தடிக்கிறது. எத்திலீனை உணராத வகைகள் அதே இறுகிய மண்ணில் ஊடுருவி இறங்கின. வேர் ஒரு அறிகுறியைப் படித்து முடிவெடுக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அடுத்தது காற்று. நீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பெரிய துளைகள் மூடிய மண்ணில் மழை பெய்தால் நீர் இறங்காது, வேர் மூச்சு முட்டும். அந்த நேரத்தில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் பிடித்து வாயுவாக மாற்றி மேலே விட்டுவிடும். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட தழைச்சத்து அப்படியே காற்றில் போகிறது. அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகவும் போகிறது. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. பயறு வகைகளில் வேர் முடிச்சுகளும் குறையும்.

சாம்பல் சத்துக் குறைபாடு என்று நினைத்து மேலும் உரம் கொட்டும் வயல்களில் பாதிக்கு மேல் தோண்டிப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். சத்து மண்ணில் இருக்கும். அதை எட்டிப் பிடிக்கும் வேர்தான் அங்கே இருக்காது.

விளைச்சல் எவ்வளவு குறையும்? ஒரு எண் சொல்ல முடியுமா?

ஒரே எண் கிடையாது. மண், பயிர், அந்த வருட மழை மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். ஆனால் பல நாடுகளில் ஒரே முறையில் நடத்திப் பார்த்த சோதனைத் தொடர் ஒன்று உண்டு. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், ஓர் அச்சுக்கு 10 டன் பாரத்தோடு வண்டியை ஈர நிலத்தில் நான்கு முறை ஓட்டிவிட்டு, பிறகு வழக்கம்போலப் பயிர் செய்துகொண்டே வந்தார்கள். முதல் வருடம் விளைச்சல் சராசரியாக 14 சதவீதம் விழுந்தது. மேல்மண்ணை உழ உழ அந்த இழப்பு வருடாவருடம் குறைந்தது. ஆனால் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு வரவில்லை. 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறுகிய மண்ணால் வந்த சுமார் 2.5 சதவீத இழப்பு மட்டும் நீங்காமல் தங்கிவிட்டது.

2.5 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். அது ஒரு நாள் ஓட்டியதற்கு, அதன்பின் வரும் ஒவ்வொரு அறுவடையிலும் கழியும் தொகை. அடுத்த ஈரமான பருவத்தில் மறுபடி ஓட்டினால் அதன் மேல் இன்னொன்று ஏறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல மழையும் நல்ல வெயிலும் கலந்து வரும் வருடத்தில் இறுகிய வயலும் ஓரளவு விளைந்துவிடும். வறட்சியிலோ அடைமழையிலோதான் உண்மை தெரியும். வறண்டால் ஆழத்து நீரை வேர் எட்டாது. மழை கொட்டினால் நீர் தேங்கி வேர் அழுகும். "போன வருஷம் நல்லாத்தானே விளைஞ்சது" என்பது மண் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

டயர் அகலமாக இருந்தால் எடை ஒரு பொருட்டில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. இந்தப் பாதிதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது.

மேல் 20, 30 சென்டிமீட்டர் மண் எவ்வளவு இறுகும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது டயர் தரையைத் தொடும் இடத்து அழுத்தம். அகலமான டயர், குறைந்த காற்று இருந்தால் அது குறையும். ஆனால் அதற்குக் கீழே இறங்க இறங்க, அழுத்தம் குமிழ் போல விரிந்து, சக்கரத்தின் மொத்தப் பாரத்தைத்தான் பின்பற்றுகிறது. அகல டயர் போட்ட 20 டன் வண்டி மேலே மென்மையான தடம் விடும். அடிமண் அந்த 20 டன்னை உணர்ந்தே தீரும். மேலே பள்ளம் தெரியாததால், ஓட்டியவருக்கு எதுவும் நடக்காத மாதிரி இருக்கும்.

டென்மார்க் மண் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கைக்கணக்கு தந்திருக்கிறார்கள். ஈரமான மண்ணில் 50 கிலோபாஸ்கல் அழுத்தம் எந்த ஆழம் வரை இறங்குகிறது என்று பார்த்தால், ஒரு சக்கரத்தின் மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் அந்த ஆழம் 8 சென்டிமீட்டர் கூடும். டயர் காற்றழுத்தம் இரட்டிப்பானால் இன்னும் 8 சென்டிமீட்டர் கூடும். ஈர நிலத்தில் 50 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே 50 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் போகவிடாதீர்கள் என்பது அவர்கள் அறிவுரை. (100 கிலோபாஸ்கல் என்பது 1 பார், சுமார் 14.5 பிஎஸ்ஐ.)

அப்படியானால் எத்தனை டன் தாண்டினால் ஆபத்து?

ஈர நிலத்தில் ஓர் அச்சுக்கு 4 டன் என்றால் குறைந்தது 30 சென்டிமீட்டர் வரை இறுக்கம் அளவில் தெரியும். 6 டன்னுக்கு 40, 10 டன்னுக்கு 50, 15 டன்னும் அதற்கு மேலும் என்றால் 60 சென்டிமீட்டரும் தாண்டும். 1994இல் வெளியான சர்வதேசத் தொகுப்பாய்வு தந்த எண்கள் இவை.

சாதாரண உழவு 20 முதல் 25 சென்டிமீட்டர்தான் போகிறது. அந்த ஆழத்துக்குக் கீழே இறங்கிய இறுக்கத்தை அடுத்த உழவு தொடவே போவதில்லை. என் மனதில் எல்லை 6 டன். அதைத் தாண்டும் எந்த வண்டியையும் ஈரத்தில் உள்ளே விடும் முன் இரண்டு முறை யோசிப்பேன்.

எடையை அச்சு வாரியாகப் பாருங்கள். அறுவடை இயந்திரத்தில் தானியத் தொட்டி நிறைந்தால் பாரத்தின் பெரும்பகுதி முன் அச்சில் ஏறும். டிராக்டரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் பல வயல்களில் மோசமான ஆள், சாலைக்கான டயரோடு, கல் மாதிரிக் காற்றடித்து, நிறைமாதமாக வயலுக்குள் வரும் டிரெய்லர்தான்.

இயந்திரங்கள் உண்மையிலேயே அவ்வளவு கனத்துவிட்டனவா?

ஆம். 1958 வாக்கில் பாரம் ஏற்றிய ஓர் அறுவடை இயந்திரம் சுமார் 4 டன். 2020இல் அது சுமார் 36 டன். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து நாடுகளைச் சேர்ந்த தாமஸ் கெல்லரும் டானி ஓரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இன்றைய வண்டிகளை வரலாற்றுக்கு முன் நடமாடிய மிகப் பெரிய நீண்ட கழுத்து டைனோசர்களின் எடையோடு ஒப்பிட்டார்கள். எடை கூடக் கூட டயரும் பெரிதாகிக்கொண்டே வந்ததால் மேல்மண்ணில் அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. ஆழத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே வந்தது. உலகப் பயிர்நிலத்தில் சுமார் 20 சதவீதம் அடிமண் இறுகும் பெரும் ஆபத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு.

ஒரே ஒரு தடவைதானே ஓட்டினேன்?

அந்த ஒரு தடவைதான் பெரிய தடவை. ஒரே தடத்தில் பல முறை போனால், மொத்த இறுக்கத்தில் பெரும்பங்கை முதல் ஓட்டமே செய்துவிடுகிறது. பொதுவாக 70 முதல் 80 சதவீதம் என்பார்கள். அதனால் "போன தடத்திலேயே போவானேன், பக்கத்தில் போவோம், பாரம் பரவட்டும்" என்பது தலைகீழ் யோசனை. பக்கத்தில் போனால் இன்னொரு நல்ல இடத்தையும் கெடுக்கிறீர்கள்.

சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கருவியின் அகலம் 3 மீட்டர். டிராக்டரின் இரண்டு பின் டயர்களும் சேர்ந்து 90 சென்டிமீட்டர். வயல் முழுக்க ஒரு முறை ஓடினால் 30 சதவீத நிலம் மிதிபடும். தடம் மாறி மாறி மூன்று வேலை செய்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. உழவு, பரம்பு, விதைப்பு, தெளிப்பு, அறுவடை என்று தடம் பார்க்காமல் ஓடும் வயல்களில் ஒரு பருவத்திலேயே 80 சதவீதத்துக்கு மேல் மிதிபடுவது சகஜம்.

ஈரத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்?

எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி கிடைத்தால் இதைத்தான் சொல்வேன். அதே வண்டி, அதே டயர், அதே வயல். காய்ந்த மண்ணில் ஒன்றும் செய்யாமல் போகும், ஈர மண்ணில் பல வருடத்துக்கான காயத்தை விட்டுப் போகும். டயர் மாற்றுவது, வண்டி மாற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சாலை போடுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதன் மேல்தான் உருளை ஓட்டுவார்கள். ஈரம் துகள்களுக்கு நடுவே வழுக்கலைக் கொடுத்து நெருங்கி உட்கார வைக்கும். எந்த அளவு ஈரத்தில் மண் அதிகபட்சமாக இறுகும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் முறைப்படுத்தினார். அணைக்கட்டும் சாலையும் கட்டுபவர்கள் இன்றும் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். மழை ஓய்ந்து ஓரிரு நாளில், மேலே காய்ந்த மாதிரித் தெரியும்போது நாம் வண்டியை இறக்கும் சமயத்து ஈரமும் பல நேரங்களில் அதை ஒட்டித்தான் இருக்கிறது. சாலைக்காரர் வேண்டுமென்று செய்வதை நாம் அவசரத்தில் செய்துவிடுகிறோம்.

பதம் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

மேல்மண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மண்வெட்டியால் உழவு ஆழம் வரை வெட்டி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் திரி உருட்டுவது போல உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லியதாக, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் திரியாக உருண்டு வந்தால் மண் இன்னும் குழைவு நிலையில் இருக்கிறது. வண்டியை வெளியே நிறுத்துங்கள். உருட்டும்போதே உடைந்து உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. மண் ஆய்வகங்களில் குழைவு எல்லையை அளப்பதும் ஏறக்குறைய இப்படியேதான். மணல் மண்ணில் திரி உருளாது, அதனால் அங்கே இந்தச் சோதனை பயன்படாது. இறுகப் பிடித்த உருண்டையை விரலால் தட்டினால் உதிர்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கைப்பிடியை 40 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுங்கள். கனத்த அறுவடை இயந்திரம் வரப்போகிறது என்றால் அந்த ஆழத்து ஈரம்தான் பேசும்.

என் வயல் இறுகியிருக்கிறதா என்று கருவி இல்லாமல் தெரியுமா?

மண்வெட்டி போதும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வயலில் டிராக்டர் திரும்பும் முனையில் ஒரு குழி, சக்கரமே படாத வேலியோரத்தில் ஒரு குழி. இரண்டும் முழங்கால் ஆழம். அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும். நான் தோண்டிய ஒரு முனைக் குழியை இன்னும் மறக்கவில்லை. மேல் ஒரு சாண் மண் கையில் அள்ளும்படி இருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி ஒரு மாதிரி மந்தமான ஓசையோடு நின்றுவிட்டது. நெம்பிப் பெயர்த்தபோது மண் உருண்டையாக வரவில்லை; படுக்கை வாக்கில் ஏடு ஏடாகப் பிரிந்தது. ஏடுகளின் விளிம்பில் வழவழவென்று ஒரு பளபளப்பு. ஆணி வேர் நேராக இறங்கி வந்து, அந்த இடத்தில் முழங்கை மடிந்தது போலத் திரும்பிப் படுக்கையாக ஓடியிருந்தது. அந்த ஏடுகளுக்கு இடையில் சிக்கிய வேர்கள் நசுங்கிப் பட்டையாக இருந்தன. இன்னும் கீழே மண் சாம்பல் நிறம், துருப் புள்ளிகள், லேசான அழுகல் வாடை. காற்று போகாத மண்ணின் அடையாளம் அது.

வேலியோரக் குழியில் மண் கையால் தட்டினால் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. வேர்கள் குழியின் அடிவரை போயிருந்தன. புழு வழிகளை எண்ண முடிந்தது.

பயிரைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். தடத்தை ஒட்டிய வரிசைகள் மட்டும் குட்டையாக இருப்பது, மழைக்குப் பிறகு நீளவாக்கில் நீர் நிற்பது, மற்ற இடத்தைவிட முன்னதாக வாடுவது. ஆனால் மண்வெட்டி சொல்லும் சாட்சிக்கு ஈடில்லை. மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான். நன்றாக நனைந்து ஓரிரு நாள் வடிந்த நிலத்தில் குத்துங்கள். காய்ந்த நிலத்தில் எந்த மண்ணும் கல்லாகத்தான் தெரியும்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்களே. ஆழ உழுதால் சரியாகிவிடாதா?

உளிக்கலப்பையை ஆழமாக ஓட்டி இறுகிய அடுக்கை உடைக்கலாம். பல வயல்களில் அது பலன் தருகிறது. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

மண் காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கலப்பை கிழித்துப் போகும்போது பக்கவாட்டில் விரிசல் ஓடும். ஈரமாக இருந்தால் உளி ஒரு கால்வாயைக் கீறி, அதன் சுவரைப் பூசி மெழுகிவிட்டுப் போகும், விரிசல் வராது. அடுத்து, எவ்வளவு ஆழத்தில் இறுக்கம் இருக்கிறது என்று குழி தோண்டிப் பார்த்துவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே மட்டும் போங்கள். 25 சென்டிமீட்டரில் இருக்கும் அடுக்குக்கு 50 சென்டிமீட்டர் போனால் டீசல்தான் செலவு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, உடைத்த மண் முன்பைவிட பலவீனமானது. அதைத் தாங்கிப் பிடித்திருந்த கட்டமைப்பு போய்விட்டது. அடுத்த பருவத்தில் அதே கனத்த வண்டியை ஈரத்தில் ஓட்டினால், சில நேரம் முன்பிருந்ததைவிட மோசமாக இறுகும். ஓட்டும் முறையை மாற்றாமல் ஆழ உழுவது திரும்பத் திரும்பச் செலவழிக்க வழி. உழுத கையோடு ஆழ வேர் பயிர் ஒன்றைப் போட்டு, அந்த விரிசல்களில் வேரை இறக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ரோட்டவேட்டரையோ கலப்பையையோ ஒரே ஆழத்தில் ஓட்டுவதும் அடியில் ஒரு கெட்டி அடுக்கை உண்டாக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சும்மா விட்டால் தானாகச் சரியாகாதா?

மேல்மண் சில வருடங்களில் தேறிவிடும். நனைந்து காய்ந்து, வெடித்து மூடி, வேரும் புழுவும் வேலை செய்து சரிப்படுத்தும். வெடிக்கும் தன்மையுள்ள களிமண்ணில் இது வேகமாகவே நடக்கும்.

அடிமண்ணின் கதை வேறு. உறைபனி விழும் நாடுகளில், குளிர் இறங்கி மண்ணைப் பிளந்துவிடும் என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. ஃபின்லாந்தில் ஒரு களிமண் நிலத்தில் 1981இல் கனத்த வண்டியை ஓட்டி இறுக்கிவிட்டு, 29 வருடம் கழித்து அடிமண்ணை எடுத்துப் பார்த்தார்கள். காற்றோட்டக் குறைவு அப்போதும் தெரிந்தது. அத்தனை குளிர்காலங்களும் போதவில்லை.

வேரால் உடைக்க முடியுமா? எந்தப் பயிர்?

முடியும், நிதானமாக. தடித்த ஆணி வேர் உள்ள முள்ளங்கி வகைகள், துவரை, குதிரை மசால் போன்றவை ஈரமான பருவத்தில் இறுகிய அடுக்குக்குள் நுழைந்து, செத்த பிறகு நேர்க் குழாய்களை விட்டுப்போகும். அடுத்த பயிரின் மெல்லிய வேர் அந்தக் குழாய்களில் இறங்கும். ஒரு பருவத்தில் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். குதிரை மசால் மாதிரி பல வருடம் நிற்கும் பயிரே இதில் சிறந்தது, ஏனென்றால் அத்தனை வருடமும் நிலம் உழவில்லாமல் புழுக்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. தொழு உரம், மூடாக்கு, பசுந்தாள் எல்லாம் மண்ணை அடுத்த மிதிக்குத் தாங்கும்படி ஆக்கும். ஏற்கெனவே 50 சென்டிமீட்டரில் இறுகியதை அவை எட்டாது.

ஜிப்சம் போட்டால்?

சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் மருந்து. சக்கரம் இறுக்கிய மண்ணை அது தளர்த்தாது.

டயரில் காற்றைக் குறைத்தால் டயர் கெட்டுவிடாதா?

அந்த டயருக்கு, அந்தப் பாரத்துக்கு, அந்த வேகத்துக்குத் தயாரிப்பாளர் அட்டவணையில் கொடுத்திருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாத வரை கெடாது. வயலில் மெதுவாகத்தான் போகிறோம். அதற்கான காற்றளவு சாலை அளவைவிடக் குறைவு. தரையில் விழும் அழுத்தம் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டியே, அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 30 பிஎஸ்ஐயிலிருந்து 15க்கு இறக்கினால் மேல்மண்ணுக்கு நேரடி நிம்மதி. வழுக்கலும் குறைந்து டீசலும் மிஞ்சும்.

ரேடியல் டயர் இதற்கு ஏற்றது. அதிலும் பக்கச் சுவர் மிகவும் வளையும்படி செய்த விஎஃப் வகை, அதே காற்றளவில் சாதாரண ரேடியலைவிட 40 சதவீதம் கூடுதல் பாரம் தாங்கும். அப்புறம், தேவையில்லாத வேலைக்கும் டிராக்டரில் மாட்டியே வைத்திருக்கும் இரும்பு எடைகளையும், டயருக்குள் நிரப்பிய தண்ணீரையும் பாருங்கள். மருந்தடிக்க அவை எதற்கு?

சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை வண்டி வாங்கலாமா?

மேல்மண்ணுக்கு நல்லது, சேற்றில் பிடிப்பும் நல்லது. ஆனால் பட்டையின் நீளம் முழுக்க பாரம் சமமாக விழுவதில்லை; உள்ளே இருக்கும் ஒவ்வொரு உருளைக்குக் கீழேயும் அழுத்தம் எகிறும். மொத்த எடையும் குறையவில்லை. பட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் ஈரத்தில் இறங்குவதுதான் அதன் பெரிய கெடுதல்.

எல்லா வண்டியும் ஒரே தடத்தில் போவது நடக்கிற காரியமா?

நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து தானிய விவசாயிகள் பெரிய அளவில் செய்து வருகிறார்கள். டிராக்டர், தெளிப்பான், அறுவடை இயந்திரம் எல்லாவற்றின் சக்கர இடைவெளியையும் ஒரே அளவுக்கு, பெரும்பாலும் 3 மீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். கருவிகளின் அகலம் ஒன்றுக்கொன்று மடங்காக இருக்கும். செயற்கைக்கோள் வழிகாட்டி இரண்டு சென்டிமீட்டர் பிசகில் வருடாவருடம் அதே தடத்தில் வண்டியைப் பிடித்து ஓட்டும். மிதிபடும் நிலம் 10 முதல் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தடம் சாலை போலக் கெட்டிப்படும், அது வண்டிக்கு நல்லது. மீதி நிலம் சக்கரமே பார்க்காது, அது வேருக்கு நல்லது.

அத்தனை வசதி இல்லாதவர்களும் இதில் பாதியைச் செய்யலாம். தெளிப்புக்கு என்று நிரந்தரமாக இரண்டு தடம் ஒதுக்குவது, டிரெய்லரைத் திரும்பும் முனையிலேயே நிறுத்தி தானியத்தை அங்கே கொண்டுவந்து கொட்டச் சொல்வது, பாதித் தொட்டி நிறைந்ததும் இறக்குவது. இவற்றுக்குச் செலவு கிடையாது. ஓட்டுநரிடம் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெல்லுக்குச் சேறாக்கி வேண்டுமென்றே இறுக்குகிறோமே?

சரியான கேள்வி. சேறு கலக்கும்போது உழவு ஆழத்துக்குக் கீழே உருவாகும் கெட்டி அடுக்குதான் தண்ணீரைத் தேக்கி நிறுத்துகிறது. நெல் தண்டுக்குள் காற்று வழிகள் இருப்பதால் வேருக்கு ஆக்ஸிஜனை மேலிருந்தே அனுப்பிக்கொள்ளும். அதனால் அந்த அடுக்கு நெல்லுக்கு நண்பன்.

அறுவடை முடிந்து அதே நிலத்தில் பயறோ கோதுமையோ மக்காச்சோளமோ போடும்போது அதே அடுக்கு எதிரியாகிவிடும். அந்தப் பயிர்களின் வேர் மேல் ஒரு சாணுக்குள்ளேயே அடைபட்டு, ஒரு வாரம் தண்ணீர் பிந்தினாலே வாடும். நெல் மட்டுமே போடும் வயலில் அடுக்கை உடைக்காதீர்கள். கனத்த அறுவடை இயந்திரம் சேற்றில் இறங்கினால் அந்த அடுக்கே உடைந்து, பள்ளமும் மேடுமாகி, அடுத்த முறை தண்ணீரும் நிற்காது, வண்டியும் புதையும். மாற்றுப் பயிர் உண்டு என்றால், சேறு கலக்காமல் நேரடி விதைப்புக்குப் போக முடியுமா என்று யோசிப்பது நல்லது.

மாடு மிதித்தாலும் இறுகுமே?

இறுகும். குளம்பு சின்னது, அதனடியில் விழும் அழுத்தம் டிராக்டர் டயருக்கு ஈடாக, சமயத்தில் அதைத் தாண்டியும் இருக்கும். ஆனால் மாட்டின் எடை அரை டன் அளவுதான். இறுக்கம் மேல் 10, 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், ஓர் உழவில் போய்விடும்.

இறுக்கமே கூடாதா?

கூடும், விதைக்கு. விதையைச் சுற்றி மண் லேசாக அமுங்கியிருந்தால்தான் ஈரம் விதைக்கு ஏறும். விதைக்கும் கருவியில் அழுத்துச் சக்கரம் இருப்பது அதற்காகத்தான். மிகவும் பொங்கிய மண்ணில் முளைப்பு மோசமாக இருக்கும். அந்த விரலளவு அமுக்கத்தைச் சொல்லி, 40 சென்டிமீட்டர் ஆழத்து இறுக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

அறுவடை நேரத்தில் மழை. கதிர் சாய்கிறது. காத்திருக்க முடியாது. என்ன செய்ய?

இறங்கத்தான் வேண்டும். விளைந்ததை விட்டுவிடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேதத்தை ஓர் இடத்தில் அடக்கப் பாருங்கள். மேடான, வடிந்த பகுதியில் தொடங்கி, தாழ்வான பகுதியைக் கடைசிக்கு விடுங்கள். இரண்டு நாள் வெயில் கிடைத்தால்கூட வித்தியாசம் பெரியது. தொட்டியை நிறைய விடாதீர்கள். டிரெய்லர் வயலுக்குள் வரவே வேண்டாம். திரும்பிப் போகும்போது போட்ட தடத்திலேயே போகச் சொல்லுங்கள், பள்ளம் ஆழமானாலும் சரி.

அப்புறம், பள்ளத்தைப் பார்த்துப் பதறி மறுநாளே மூட வேண்டாம். ஈரத்தில் மூடினால் மேலே மட்டும் சமமாகும், கீழே இன்னும் ஒரு முறை நசுங்கும். பள்ளத்தின் அடி வரை காயட்டும். காய்ந்ததும் தடத்தின் குறுக்கே ஒரு குழி வெட்டிப் பார்த்து, இறுக்கம் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அதற்குச் சற்றுக் கீழ் வரை அந்தத் தடத்தில் மட்டும் உளியை விடுங்கள். வயல் முழுக்க உழ வேண்டியதில்லை. எந்தெந்த இடத்தில் தடம் விழுந்தது என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயிர் முழங்கால் உயரம் வரும்போது அந்தத் தாளோடு வயலில் நடந்து பாருங்கள்.